வலிமை வேறு, முறியாமை வேறு: எஃகின் வெப்பப் பதம் கற்பிக்கும் சொற்பாடம்

எஃகைப் பற்றிப் பேச மொழியியல் பயின்ற ஒருவர் எதற்கு என்னும் வினா அவையோர்க்கு எழலாம். அது முறையான வினாவே. உலோகவியலைத் தொழிலாகக் கொண்டோர் இப்பொருளை என்னினும் நுட்பமாக விளக்குவர். ஆயினும், எஃகைச் சூடாக்குவதும் குளிர்விப்பதும் அதன் இயல்பை எவ்வாறு மாற்றுகின்றன என்பதைத் தமிழில் விளக்க முற்படும் எவரும் முதல் சில வரிகளிலேயே சொற்சிக்கலில் மாட்டிக்கொள்வர். ‘கடினமான எஃகு’, ‘வலிமையான எஃகு’, ‘உறுதியான எஃகு’, ‘கெட்டியான எஃகு’ ஆகிய நான்கையும் ஒன்றன் இடத்தில் மற்றொன்றாக நாம் ஆள்கிறோம். பேச்சு வழக்கில் அதனால் பெருந்தீங்கு ஒன்றுமில்லை. அறிவியலிலோ, இவற்றுள் இரண்டை ஒன்றெனக் கொண்டால் பல டன் எடையுள்ள பொறி ஒன்று துண்டுதுண்டாகச் சிதறக்கூடும். அவ்வாறு சிதறிய ஒரு பொறியையும் இக்கட்டுரை பின்னர் எடுத்துக்காட்டும்.

1. பெயர்கள் மயங்கும், வினைகள் மயங்கா

பொருள்களின் தன்மைகள் என்னும் பாடம் தொடக்கப்பள்ளி அறிவியலிலேயே தொடங்கிவிடுகிறது. அங்கே மாணவர் கற்கும் பண்புப்பெயர்கள் பெரும்பாலும் ஒன்றையொன்று தழுவி நிற்பவை. வலிமை, வன்மை, திண்மை, உறுதி, கடினம், கெட்டி என அடுக்கினால் ஒவ்வொன்றுக்கும் எல்லை வகுப்பது அரிது.

இனி வினைச்சொற்களைப் பாருங்கள். கண்ணாடி நொறுங்கும். மண்சட்டி உடையும். குச்சி ஒடியும். கிளை முறியும். கயிறு அறும். துணி கிழியும். தகரம் நெளியும். கம்பி வளையும். மூங்கில் வளைந்து மீளும். இவற்றை இடம் மாற்றிச் சொன்னால் தமிழறிந்த சிறு குழந்தையும் சிரிக்கும். ‘கயிறு நொறுங்கியது’ என்றோ ‘சட்டி கிழிந்தது’ என்றோ எவரும் சொல்லார். ஒரு பொருள் எவ்வாறு தோற்கிறது என்பதைத் தமிழ் மிக நுட்பமாகப் பிரித்து வைத்திருக்கிறது. பண்புப்பெயர்களில் மங்கலாகத் தோன்றும் வேறுபாடு வினைகளில் பளிச்செனத் தெரிகிறது. ஆகவே எஃகின் மூன்று அடிப்படைப் பண்புகளை வினைகளைக் கொண்டே வரையறுக்கலாம்.

முதலாவது கடினம். கூரிய முனையொன்றை அழுத்தும்போது மேற்பரப்பு எளிதில் பள்ளம் விழாமலும் கீறல்படாமலும் இருக்கும் தன்மை அது. வைரமுனையோ கடின உலோகக் குண்டோ கொண்டு அழுத்தி, விழும் பள்ளத்தின் அளவைக்கொண்டு இதனை அளப்பர்.

இரண்டாவது வலிமை. இழுக்கும்போதோ சுமை ஏற்றும்போதோ நிலையாக நீளாமலும் நெளியாமலும் அறாமலும் தாங்கும் தன்மை அது. ஒரு சதுர மில்லிமீட்டர் பரப்பு எத்தனை நியூட்டன் விசையைத் தாங்கும் என்று இதனைக் கணக்கிடுவர். இவ்வலகு மெகாபாஸ்கல் எனப்படும்.

மூன்றாவதே இக்கட்டுரையின் மையம். ஒரு பொருளில் ஏற்கெனவே சிறு விரிசலோ வெட்டோ இருக்கிறது. அதன்மீது திடீரென அடி விழுகிறது. அப்போதும் முறியாமல், அந்த அடியின் ஆற்றலைத் தன்னுள் வாங்கிக்கொள்ளும் தன்மையே அந்த மூன்றாம் பண்பு. இதனை இங்கு ‘முறியாத்திறன்’ என்று வழங்குவேன். வேறு நல்ல சொல்லை ஒருவர் தரலாம். சொல் எதுவாயினும் அது முன்னைய இரண்டிலிருந்தும் வேறுபட்டு நிற்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

ஆற்றல் என்பது விசையும் அது நகர்த்தும் தொலைவும் சேர்ந்தது. கண்ணாடி இழை பெருவிசையைத் தாங்கும், ஆனால் நீண்டுகொடுக்காது. ஆகவே அது வாங்கிக்கொள்ளும் ஆற்றல் மிகக் குறைவு. மென்மையான ஈயம் வெகுவாக நீளும். ஆனால் சிறு விசைக்கே நீண்டுவிடும். ஆகவே அதுவும் மிகுதியாக ஆற்றலை வாங்காது. விசையைத் தாங்கவும் வேண்டும், தேவைப்படும்போது சற்றே விட்டுக்கொடுக்கவும் வேண்டும். இவ்விரண்டும் கூடிய இடத்தில்தான் முறியாத்திறன் மிகுகிறது.

2. விரிசலின் முனையில் நடப்பது

மசாலைத்தூள் பொட்டலத்தின் ஓரத்தில் சிறு வெட்டு ஒன்று இட்டிருப்பதைக் கண்டிருப்பீர்கள். வெட்டில்லாத இடத்தில் பொட்டலத்தைக் கிழிப்பது கடினம். வெட்டுள்ள இடத்தில் சிறு இழுப்பே போதும். இழுக்கும் விசை முழுவதும் அந்த வெட்டின் கூரிய முனையில் வந்து குவிவதே காரணம்.

எஃகிலும் இதுவே நிகழ்கிறது. முற்றிலும் குறையற்ற எஃகுப் பொறியுறுப்பு என்று ஒன்றில்லை. கசடுத் துகள், பற்றவைப்பில் நேர்ந்த சிறு பிளவு, துளையின் கூரிய மூலை, துருப்பிடித்த குழி என ஏதேனும் ஒன்று இருக்கும். சுமை ஏறும்போது விசை அங்கே குவிகிறது. மென்பதமான எஃகாயின் விரிசல் முனையிலுள்ள உலோகம் நெளிந்து கொடுக்கும், கூரிய முனை மழுங்கும், விரிசல் நின்றுவிடும். கடினமான எஃகோ நெளிய மறுக்கும். விசை தணிய வழியின்றி விரிசல் ஒரே பாய்ச்சலாக ஓடும். எஃகின் வலிமையை உயர்த்த உயர்த்த முறியாத்திறன் பொதுவாகக் குறைவதன் அடிப்படைக் காரணம் இதுவே.

இதில் ஒரு கணக்கும் உண்டு. குறிப்பிட்ட சுமையின்கீழ் ஓர் உறுப்பு எவ்வளவு ஆழமான விரிசல் வரை பொறுத்துக்கொள்ளும் என்பது முறிவு எதிர்ப்பு அளவின் இருமடியைச் சார்ந்தது. அதாவது, அந்த அளவு பாதியாகக் குறைந்தால், பொறுத்துக்கொள்ளக்கூடிய விரிசல் நான்கில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். முன்பு எட்டு மில்லிமீட்டர் விரிசலைத் தாங்கிய உறுப்பு இப்போது இரண்டு மில்லிமீட்டரிலேயே முறியும். எட்டு மில்லிமீட்டர் விரிசலை ஆய்வாளர் எளிதாகக் கண்டுபிடித்துவிடுவார். இரண்டு மில்லிமீட்டர் விரிசல் கண்ணுக்குத் தப்பிவிடக்கூடும்.

3. தோய்ச்சலும் பதமும்

இரும்பின் அணுக்கள் ஒழுங்கான அடுக்கில் அமைந்தவை. அறை வெப்பநிலையில் ஓர் அடுக்குமுறை. தூய இரும்பை 912 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக்கினால் வேறோர் அடுக்குமுறை. இரண்டாவது நிலையிலுள்ள எஃகு, பிரித்தானிய அறிஞர் இராபர்ட்ஸ்-ஆஸ்டென் பெயரால் ஆஸ்டெனைட் எனப்படுகிறது. எஃகில் கலந்துள்ள கரிமம், அதாவது கார்பன், இந்த உயர்வெப்ப அடுக்கில் இரண்டு விழுக்காடு வரைகூடக் கரையும். குளிர்ந்த அடுக்கிலோ ஏறத்தாழ இடமே இல்லை. மிகுதியான அளவே 0.02 விழுக்காடுதான்.

செந்தணலாகக் காய்ந்த எஃகை மெல்லக் குளிரவிட்டால், இடமிழந்த கரிமம் அமைதியாக வெளியேறி இரும்புக் கார்பைடு என்னும் சேர்மமாகத் தனியே படியும். எஃகு மென்மையாக இருக்கும். அதே எஃகைத் தண்ணீரிலோ எண்ணெயிலோ சட்டென அமிழ்த்தினால் கரிமத்துக்கு வெளியேற நேரமிருக்காது. அது அடுக்குக்குள்ளேயே சிக்கி, அணுக்களை நெருக்கித் திருகிவிடும். இந்நிலைக்கு ஜெர்மானிய அறிஞர் அடால்ஃப் மார்ட்டென்ஸின் பெயரால் மார்ட்டென்சைட் என்று பெயர். மிகக் கடினமானது, ஆனால் நெளியத் தெரியாதது. கீழே விழுந்தாலே விரிசல் காணக்கூடிய அளவுக்கு நொறுங்குமியல்பு உடையது.

இந்த அமிழ்த்தலுக்குக் கொல்லர் வழக்கில் ‘தோய்ச்சல்’ என்று பெயர். சாயம் தோய்த்தல், தயிர் தோய்த்தல் என்பவற்றில் வரும் அதே ‘தோய்’ என்னும் வினையடிதான் இது. குவெஞ்சிங் என்னும் கலைச்சொல்லுக்கு நாம் புதிதாக எதையும் படைக்க வேண்டிய தேவையில்லை.

தோய்ச்சலோடு நின்றால் எஃகு பயன்படாது. அதனை மீண்டும் மிதமாகச் சூடாக்கிச் சிறிது நேரம் வைத்திருக்க வேண்டும். சிக்கிய கரிமம் நுண்ணிய கார்பைடுத் துகள்களாக மெல்ல வெளிவரும். அடுக்கின் இறுக்கம் தளரும். கடினம் சற்றுக் குறைய, முறியாத்திறன் உயரும். டெம்பரிங் எனப்படும் இதனைப் ‘பதமாக்கல்’ எனலாம். பாகு காய்ச்சுவோர் கம்பிப் பதம் என்பதும், கொல்லர் எஃகின் பதம் என்பதும் ஒரே கருத்தை உடையவை: சூடும் நேரமும் அளவோடு அமைந்த ஒரு நிலை. பளபளப்பாகத் தேய்த்த எஃகைச் சூடாக்கினால், ஏறத்தாழ 220 பாகையில் வைக்கோல் மஞ்சளும், 280 பாகையையொட்டி ஊதாவும், 300 பாகையையொட்டி நீலமும் மேற்பரப்பில் தோன்றும். வெப்பமானி இல்லாத காலத்தில் கொல்லர் இந்நிறங்களைப் பார்த்தே பதம் அறிந்தனர்.

நாம் அறிந்த பாராங் கத்தியையே எடுத்துக்கொள்வோம். நல்ல பாராங்கின் வாய் மட்டும் கடினமாகத் தோய்க்கப்பட்டிருக்கும். முதுகு மென்பதத்தில் விடப்பட்டிருக்கும். வாய் கூர்மையைக் காக்கிறது. முதுகு அடியின் ஆற்றலை வாங்கிக்கொள்கிறது. ஒரே இரும்பின் இரு ஓரங்களில் இருவேறு பண்புகளை வெப்பத்தால் மட்டுமே வரவழைத்த அறிவு அது.

இன்றைய பொறியியலில் இதற்கு ஏற்ற எடுத்துக்காட்டு, அமெரிக்க வகைப்பாட்டில் 4340 என்னும் எண்ணுடைய எஃகு. ஏறத்தாழ 0.4 விழுக்காடு கரிமமும், 1.8 விழுக்காடு நிக்கலும், 0.8 விழுக்காடு குரோமியமும், 0.25 விழுக்காடு மாலிப்டினமும் கலந்தது. இதனை எண்ணெயில் தோய்த்து 200 பாகையில் பதமாக்கினால் ஏறத்தாழ 1,900 மெகாபாஸ்கல் இழுவலிமை கிட்டும். 650 பாகையில் பதமாக்கினால் வலிமை ஏறத்தாழ 1,000 ஆகக் குறையும். ஆனால் முறியாத்திறன் பன்மடங்கு உயரும். கலவை ஒன்றே, பதம் வேறு, பயனும் வேறு.

4. முறியாத்திறனை அளத்தல்

பிரான்ஸ் நாட்டைச் சேர்ந்த ஜார்ஜ் சார்ப்பி 1901ஆம் ஆண்டில் விளக்கிய சோதனை இன்றும் பயன்பாட்டில் உள்ளது. 10 மில்லிமீட்டர் அகலமும் 10 மில்லிமீட்டர் தடிமனும் 55 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட எஃகுத்துண்டின் நடுவே 2 மில்லிமீட்டர் ஆழத்துக்கு ‘வி’ வடிவ வெட்டு இடுவர். கனமான ஊசற்சுத்தியல் ஒன்றைக் குறித்த உயரத்திலிருந்து விடுவிப்பர். அது துண்டை அடித்து முறித்துவிட்டு மறுபுறம் எவ்வளவு உயரம் எழுகிறது என்று பார்ப்பர். எழுச்சி குறைந்தால், துண்டு மிகுதியான ஆற்றலை வாங்கிக்கொண்டது என்பது பொருள். அவ்வாற்றல் ஜூல் அலகில் குறிக்கப்படும்.

இச்சோதனையை வெவ்வேறு வெப்பநிலைகளில் செய்யும்போது இன்னொரு செய்தி வெளிப்படுகிறது. பெரும்பாலான எஃகு வகைகள் இளஞ்சூட்டில் நெளிந்து முறியும். குளிர்ந்த நிலையில் நொறுங்கி முறியும். இந்த மாற்றம் எந்த வெப்பநிலையில் நிகழ்கிறது என்பது வெப்பப் பதத்தைப் பொறுத்தது. மாற்றம் பூச்சியத்துக்கு வெகு கீழே நிகழுமாயின் அச்சமில்லை. அறை வெப்பநிலைக்கு மேலே நிகழுமாயின், அந்த உறுப்பு தொழிற்சாலையில் நிற்கும் நாளிலேயே நொறுங்கும் இயல்போடுதான் நிற்கிறது.

முறிந்த பரப்பும் கதை சொல்லும். நெளிந்து முறிந்த எஃகின் பரப்பு மங்கலாகவும் நார்நாராகவும் இருக்கும். எஃகின் நுண்மணிகள் ஒன்றையொன்று விட்டுப் பிரிந்து முறிந்திருந்தால், உருப்பெருக்கியின் கீழ் அது கற்கண்டு குவித்தாற்போல் தோன்றும்.

5. பதமாக்கலில் இரு பள்ளங்கள்

பதமாக்கும் வெப்பத்தை உயர்த்த உயர்த்த முறியாத்திறனும் சீராக உயரும் என்று கருதுவது இயல்பு. 4340 போன்ற கலப்பு எஃகில் அப்பாதை சீரானதன்று. அதில் இரு பள்ளங்கள் உள்ளன.

முதற்பள்ளம் 250 முதல் 400 பாகை வரையிலான எல்லையில் உள்ளது. அங்கே கார்பைடு மெல்லிய ஏடுகளாகப் படிந்து, விரிசல் எளிதில் ஓடும் வழிகளை அமைத்துவிடுகிறது. 200 பாகையில் பதமாக்கியதைவிட 300 பாகையில் பதமாக்கியது மென்மையானது. ஆயினும் எளிதில் முறிவது. மென்மையாவது வேறு, முறியாமை பெறுவது வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை. பொறியாளர் இவ்வெல்லையைத் தவிர்ப்பர். அல்லது கலவையை மாற்றுவர். 4340 எஃகில் ஏறத்தாழ 1.6 விழுக்காடு சிலிக்கனும் சிறிது வனேடியமும் சேர்த்து உருவாக்கியதே 300எம் என்னும் வகை. சிலிக்கன் அந்தக் கார்பைடு வளர்ச்சியைத் தாமதப்படுத்துவதால், பள்ளம் உயர்ந்த வெப்பத்துக்குத் தள்ளிப்போகிறது. ஆகவே 300 பாகையளவில் அதனைப் பதமாக்கலாம். வானூர்தி தரையிறங்கும்போது அடியைத் தாங்கும் சக்கரக் கால்கள் பலவும் இவ்வகை எஃகால் ஆனவை.

இரண்டாம் பள்ளம் ஏறத்தாழ 375 முதல் 575 பாகை வரை உள்ளது. இது இன்னும் வஞ்சகமானது. எஃகை 600 பாகைக்கு மேல் முறையாகப் பதமாக்கியிருந்தாலும், குளிர்விக்கும்போது இவ்வெல்லையை மெல்லக் கடந்தால் போதும். எஃகில் சிறிதளவே இருக்கும் பாஸ்பரஸ், வெள்ளீயம், ஆன்ட்டிமனி, ஆர்செனிக் ஆகிய வேற்றுப் பொருள்கள் மணிகளின் எல்லைகளுக்கு நகர்ந்து சேர்கின்றன. மணிகளைப் பிணைக்கும் பிடி தளர்கிறது. விரைந்து குளிர்வித்தால் அவை நகர நேரமிராது. நேர்ந்துவிட்ட கேட்டையும் மீண்டும் 600 பாகைக்கு மேல் சூடாக்கி விரைந்து குளிர்வித்துப் போக்கலாம். அரை விழுக்காட்டளவு மாலிப்டினம் சேர்ப்பதும் இதனைத் தணிக்கும்.

இதில் அஞ்சத்தக்கது யாதெனின், இக்கேடு நேர்ந்த எஃகின் கடினம் மாறுவதில்லை, இழுவலிமையும் மாறுவதில்லை. அழுத்திப் பார்த்தாலும் இழுத்துப் பார்த்தாலும் நல்ல எஃகாகவே காட்சியளிக்கும். வெட்டிட்டு அடித்துப் பார்த்தால் மட்டுமே உண்மை வெளிப்படும். கடினம், வலிமை என்னும் இரு சொற்களை மட்டும் அறிந்தவரிடம் இந்தக் குறையைச் சொல்வதற்குச் சொல்லே இராது.

‘ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்’ என்னும் பழமொழியும் இங்கே கைகொடுக்காது. பெரிய எஃகுப் பாளத்தின் மேற்பரப்பு விரைவில் குளிரும்; உட்பகுதி மெல்லவே குளிரும். ஓரத்தில் வெட்டியெடுத்த மாதிரித்துண்டு நடுவிலுள்ள நிலையைக் காட்டும் என்று நம்புதல் இயலாது.

6. ஹிங்லி பாயிண்ட், 1969

இங்கிலாந்தின் சாமர்செட் மாவட்டக் கடற்கரையில் ஹிங்லி பாயிண்ட் ‘ஏ’ என்னும் அணுமின் நிலையம் இருந்தது. 1969ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் அங்கிருந்த நீராவி டர்பைன் ஒன்றை வழக்கமான மிகைவேகச் சோதனைக்கு உட்படுத்தினர். அப்பொறியின் இயல்பான வேகம் நிமிடத்துக்கு 3,000 சுற்று. சோதனையில் வேகம் ஏறத்தாழ 3,200ஐ எட்டியபோது, தாழ்வழுத்தப் பகுதியிலிருந்த எஃகு வட்டு ஒன்று வெடித்துச் சிதறியது. அதைத் தொடர்ந்து அந்தப் பொறியே சிதைந்தது. அது அணு உலையில் நேர்ந்த கோளாறு அன்று. எந்த அனல்மின் நிலையத்திலும் நேரக்கூடிய எஃகு முறிவு.

ஆய்வு செய்தோர் இரு காரணங்கள் ஒன்றுசேர்ந்ததைக் கண்டனர். வட்டு ஏறத்தாழ 3 விழுக்காடு குரோமியமும் மாலிப்டினமும் கலந்த எஃகால் ஆனது. பதமாக்கிய பின் அது உலைக்குள்ளேயே மெல்லக் குளிரவிடப்பட்டிருந்தது. மேலே கண்ட இரண்டாம் பள்ளத்தில் எஃகு நெடுநேரம் தங்கிவிட்டது. அதனால் அதன் முறியாத்திறன் மிகக் குறைந்திருந்தது. இது முதற்காரணம். சுழல்தண்டையும் வட்டையும் பிணைக்கும் ஆப்பு அமர்வதற்கென ஒரு பள்ளம் வெட்டப்பட்டிருந்தது. அங்கே நீராவி குளிர்ந்து நீராகத் தங்கி, இழுவிசையோடு சேர்ந்து நுண்விரிசல் ஒன்றை உண்டாக்கியிருந்தது. இது இரண்டாம் காரணம். அவ்விரிசலின் ஆழம் ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர்தான்.

ஒன்றரை மில்லிமீட்டர் விரிசல் பெருவட்டு ஒன்றைச் சிதறடிக்குமா என்று வியக்கலாம். முறிவு எதிர்ப்பு அளவின் இருமடிக் கணக்கை நினைவுகூர்ந்தால் வியப்பு நீங்கும். அந்த வட்டைச் செய்தோர் எஃகைக் கவனமின்றித் தேர்ந்தனர் என்று கூறவும் இடமில்லை. மெல்லக் குளிர்விப்பதற்கும் காரணம் உண்டு: பெரிய உறுப்பை விரைந்து குளிர்வித்தால் உள்ளும் புறமும் வேறுவேறாகச் சுருங்கி, உலோகத்துக்குள்ளேயே இறுக்கம் தங்கிவிடும். ஒரு தீங்கைத் தவிர்க்க மேற்கொண்ட முறை மற்றொரு தீங்குக்கு வழிவிட்டது. அந்த மற்றொரு தீங்கைக் காட்டும் அளவுகோல், கடினமும் அன்று, வலிமையும் அன்று, மூன்றாவதாகிய முறியாத்திறனே.

7. சொல் சென்றது, பதம் செல்லவில்லை

எஃகு என்னும் சொல் ஆய்த எழுத்தைக் கற்பிக்கும்போது நாம் காட்டும் சொற்களுள் ஒன்று. திருக்குறளின் பொருட்பாலில் அது படைக்கருவி என்றும் கூர்மை என்றும் பொருள்பட ஆளப்பட்டுள்ளது. உலோகத்தைவிட, அதன் வாய்க்கூர்மையே முதலில் கண்ணில் பட்டது போலும். உருக்கு என்னும் மற்றொரு சொல்லோ செய்முறையிலிருந்து வந்தது. உருக்கி எடுத்தது உருக்கு. இதற்கு இனமான கன்னடச் சொல் உக்கு. ஆங்கிலத்தில் ஊட்ஸ் என வழங்கும் சொல் உக்கு என்பதன் திரிபு என்பதே பெரும்பாலோர் ஏற்கும் கருத்து.

தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மண்மூசையில் உருக்கிச் செய்த அந்த எஃகு ஏறத்தாழ ஒன்றரை விழுக்காடு கரிமம் கொண்டது. 1795இல் இலண்டன் அரச கழகத்தில் ஜார்ஜ் பியர்சன் அதைப் பற்றிக் கட்டுரை படித்தார். கொல்லர் ஒருவரின் மகனாகிய மைக்கேல் ஃபாரடே, ஜேம்ஸ் ஸ்டோடார்ட்டுடன் சேர்ந்து 1820ஐ ஒட்டிய ஆண்டுகளில் அதனை ஆராய்ந்தார். ஆயினும் ஐரோப்பியக் கொல்லர் பலருக்கு அது எளிதில் வசப்படவில்லை. தம் இரும்புக்குப் பழகிய மிகைவெப்பத்தில் அதனைக் காய்ச்சி அடித்தபோது அது நொறுங்கியது. கட்டி கப்பலேறியது, பெயரும் உடன் சென்றது, அதனை எந்தச் சூட்டில் அடிப்பது, எங்கே நிறுத்துவது என்னும் பதம் உடன் செல்லவில்லை.

கலைச்சொல்லாக்கத்தில் ஈடுபடுவோர்க்கு இது ஓர் எச்சரிக்கை. பிறமொழிச் சொல்லொன்றுக்கு ஈடாகத் தமிழ்ச்சொல் ஒன்றை அட்டவணையில் எழுதிவிட்டால் கட்டி வந்துவிடும். அச்சொல் அண்டைச் சொற்களினின்று எங்கே வேறுபடுகிறது என்னும் எல்லையும் கற்பிக்கப்பட்டால்தான் பதம் வரும்.

8. வகுப்பறைக்கு ஒரு பயிற்சி

இடைநிலைப்பள்ளி அறிவியல் ஆசிரியரும் தமிழாசிரியரும் இணைந்து செய்யத்தக்க எளிய பயிற்சி ஒன்றைக் கூறி முடிக்கிறேன். தையலூசி மிகுகரிம எஃகால் ஆனது. மூன்று ஊசிகளை எடுத்து, ஆசிரியரே இடுக்கியால் பிடித்துச் செந்நிறம் வரும்வரை சுடரில் காட்ட வேண்டும். முதல் ஊசியைச் சுடரிலிருந்து மெல்ல விலக்கித் தானாகக் குளிரவிட வேண்டும். மற்ற இரண்டையும் உடனே தண்ணீரில் தோய்க்க வேண்டும். தோய்த்த இரண்டில் ஒன்றை உப்புத்தாளால் பளபளப்பாகத் தேய்த்து, நீலநிறம் தோன்றும்வரை மட்டும் மெதுவாகச் சூடாக்கி எடுக்க வேண்டும். பின்பு, கண்காப்புக் கண்ணாடி அணிந்து, மூன்றையும் இடுக்கிகளால் வளைத்துப் பார்க்க வேண்டும்.

முதல் ஊசி வளையும்; வளைந்தபடியே நிற்கும். தோய்ச்சல் மட்டும் பெற்றது வளையாமல் சட்டென ஒடியும். பதமாக்கியது வளைந்து மீளும். நீலநிறப் பதம் முதற்பள்ளத்தின் எல்லைக்குள் வருகிறதே என்று கூர்த்த மாணவர் ஒருவர் கேட்கலாம். நல்ல கேள்வி. வெட்டேதும் இல்லாத மெல்லிய ஊசியிலும் சுருள்வில்லிலும் நாம் பார்ப்பது மீளும் தன்மையை. வெட்டிட்டு அடிக்கும்போது வெளிப்படும் முறியாத்திறனை அன்று. இவை இரண்டும் வேறென்று அவரே கண்டுகொள்ள அந்தக் கேள்வி வழிவகுக்கும்.

அதன்பின் மாணவர் தாம் கண்டதை எழுதட்டும். ‘கெட்டி’, ‘உறுதி’ என்னும் சொற்களை ஆளாமல், வினைச்சொற்களைக் கொண்டே எழுத வேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை. வளைந்தது எது, ஒடிந்தது எது, மீண்டது எது என்று பிரித்தெழுதத் தெரிந்த மாணவருக்குக் கடினம், வலிமை, முறியாத்திறன் என்னும் பெயர்களைப் பிறகு தருவது எளிது. அவருள் ஒருவர் நாளை பொறியாளராகி, சோதனைச் சாலையிலிருந்து வரும் அறிக்கையில் கடினமும் இழுவலிமையும் சரியாக உள்ளன என்று படிக்கும்போது, மூன்றாவது எண் எங்கே என்று கேட்பாராயின், அந்த வகுப்பு தன் பணியைச் செய்துவிட்டது.